கத்தி வைக்கும் முன் சொல்லுங்கள்: மார்பக மறுசீரமைப்பு குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

மார்பகத்தை முழுமையாக நீக்கியாக வேண்டும் என்று முடிவாகும் ஒவ்வொரு பெண்ணிடமும், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்னரே, மறுசீரமைப்புக்கு, அதாவது நீக்கிய மார்பின் உருவத்தை மீண்டும் அமைப்பதற்கு, என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றுள் அவருடைய உடலுக்கும் நோயின் நிலைக்கும் பொருந்துவன எவை, எதுவும் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் விளக்கிச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் இம்மடல்.

நானும் இந்த நோயைக் கடந்து வந்தவள். இடப்பக்க மார்பகம் நீக்கப்பட்டு, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, உதிர்ந்த முடி மீண்டும் வளர்ந்து, அன்றாட வேலைகளுக்குத் திரும்பிய பிறகுதான் மறுசீரமைப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிய வந்தது. ஒரு பிளாஸ்டிக் அறுவை மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். கேட்டு, யோசித்து, எனக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். ஆகவே எல்லாப் பெண்களும் மறுசீரமைப்புச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கு அவருக்கு முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தன்னார்வலராகப் புற்றுநோய் வார்டுகளில் இப்போது நான் சந்திக்கும் பெண்களில் பலருக்கு அது தெரிந்திருப்பதில்லை.

அவர்களுள் ஒருவர் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பழைய வேட்டித் துணியில் ஒரு சிறு பை தைத்து, கனத்துக்காக அதில் கடுகை நிரப்பி, ரவிக்கையின் உள்பக்கம் ஊக்கு குத்தி வைத்திருந்தார். அறுந்த இழையை முடிய அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் பை மேலேறிக் கழுத்தெலும்பருகே வந்து நிற்கும். சுற்றிலும் ஆண்கள் வேலை செய்யும் இடம். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே நாள் முழுவதையும் ஓட்ட வேண்டும். வேர்வையில் துணி ஊறி, அறுவைத் தழும்பு புண்ணாகியிருந்தது. மறுசீரமைப்பைப் பற்றி நான் சொன்னதும் அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “அப்படி ஒண்ணு இருக்குதுன்னு யாருமே சொல்லலீங்க்கா. சொல்லியிருந்தா, வேண்டாம்னாச்சும் சொல்லியிருப்பேன்” என்றார். அவருக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு வாய்ப்புதான்.

அறுவை முடிந்து உடல் தேறிய பிறகு சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மார்பகத்தை எந்தக் கோட்டில் கீறுவது, தோலில் எவ்வளவை விட்டுவைப்பது, காம்பைக் காப்பாற்ற முடியுமா, மார்பின் அடிமடிப்பைக் கலைக்காமல் விடுவதா என்பவையெல்லாம் முதல் அறுவையின்போதே தீர்மானமாகிவிடுகின்றன. அதே மயக்கத்தில் மறுசீரமைப்பும் நடக்கப் போகிறதென்றால், நோய் இடம்கொடுக்கும் அளவுக்குத் தோலைக் காப்பாற்றி, உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்க முடியும். சொந்தத் தோலுக்குள்ளேயே புதிய மார்பு அமைவதால் உருவமும் இயல்பாக வரும். தட்டையாக மூடித் தைத்துவிட்டால் அந்தத் தோல் போனது போனதுதான். பின்னாளில் செய்யும்போது தோலையும் வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ கொண்டுவர வேண்டும், அல்லது இருக்கும் தோலை மாதக்கணக்கில் விரித்தெடுக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்தும் மறுசீரமைப்புச் செய்யலாம் என்பது உண்மையே. ஆனாலும் ஒரு பெண்ணுக்கு முன்னே இருந்த வழிகளுள் சில, அப்படி வழிகள் இருந்தன என்பதே அவருக்குத் தெரியாத நிலையில் அடைக்கப்பட்டுவிடுகின்றன.

முறையாகப் பார்த்தால், இந்தப் பேச்சு மார்பகத்தை முழுதாக நீக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனெசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களும், மார்பகத்தை முழுதாக நீக்கிக்கொண்டவர்களும் உயிர்வாழும் காலத்தில் வேறுபாடில்லை என்பதை அவை உறுதிப்படுத்தின. இது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டி பெரிதாக இருப்பதாலோ, ஒரே மார்பில் பல இடங்களில் பரவியிருப்பதாலோ, கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் வந்துபோக வழியில்லாததாலோ நீக்கமே சரி என்றாகும் பெண்களைப் பற்றித்தான் நான் மேற்கொண்டு பேசுகிறேன்.

அவர்களிடம் சொல்ல வேண்டியவை எளியவை அல்ல, நேரம் எடுப்பவை. மார்பின் உருவம் தரும் சிலிக்கான் பையான இம்பிளான்டை உள்ளே வைப்பது ஒரு வழி. சிலருக்கு அதை நேரடியாக வைத்துவிடலாம். பலருக்கு முதலில் எக்ஸ்பாண்டர் எனப்படும் பையை வைத்து, ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியாக உப்புநீரை ஏற்றித் தோலை மெல்ல மெல்ல விரித்து, பின்பு இன்னோர் அறுவையில் அதை எடுத்துவிட்டு இம்பிளான்டை வைப்பார்கள். அறுவை நேரம் குறைவு. உடலில் வேறெங்கும் புதிய தழும்பு இல்லை. ஆனால் தர்மபுரி மலையடிவாரத்துக் கிராமமொன்றிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் பெண்ணுக்கு, உப்புநீர் ஏற்றிக்கொள்ள வந்துபோகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. இம்பிளான்ட் வாழ்நாள் முழுதும் நிற்கும் பொருளுமன்று. கிழியலாம், அதைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை இறுகி வலிக்கலாம், கதிர்வீச்சு பட்டால் அந்த இறுக்கம் இன்னும் கூடும். சொரசொரப்பான மேற்பரப்புடைய சில இம்பிளான்டுகளோடு ஒரு வகை அரிய லிம்ஃபோமா புற்றுநோய்க்குத் தொடர்பு இருப்பது தெரிந்து, அமெரிக்க உணவு–மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்பிளான்டுகளை 2019 ஜூலையில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021இல் அதே நிர்வாகம், இம்பிளான்ட் வைக்கும் முன் அபாயங்களைப் பட்டியலிட்டு, பெண்ணும் மருத்துவரும் ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்திடும் படிவத்தை நடைமுறைப்படுத்தியது. அங்கே ஒரு பெண் கையெழுத்திட்டு அறிந்துகொள்ளும் செய்தியை இங்கே ஒரு பெண் வாய்ச்சொல்லாகவாவது அறிய வேண்டாமா?

இன்னொரு வழி, சொந்த உடலின் திசுவைக் கொண்டே மார்பை அமைப்பது. முதுகுப்புறத் தசையை அதன் தோலோடும் ரத்தக் குழாயோடும் அக்குள் வழியே முன்பக்கம் கொண்டுவரும் லாட்டிசிமஸ் முறை நூறாண்டுக்கு மேல் பழையது. இத்தாலிய மருத்துவர் தான்சினி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை விவரித்துவிட்டார். ரத்தக் குழாயை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை என்பதால் மைக்ராஸ்கோப் தேவையில்லை. பெரிய மார்புக்கு அந்தத் திசு மட்டும் போதாமல் உள்ளே இம்பிளான்டும் வைக்க நேரலாம். தோளின் வலு சற்றுக் குறையலாம். பாரம் தூக்கியும் தறி ஓட்டியும் பிழைக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு மேலே கொண்டுவரும் டிராம் முறை 1982இல் ஹார்ட்ராம்ஃப் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. தசையை எடுத்த இடம் பலவீனப்பட்டுக் குடலிறக்கம் வரக்கூடும் என்பது அதன் குறை. அக்குறையைத் தவிர்க்கவே பின்னர் டீப் (DIEP) முறை வந்தது. அதில் தசையை அப்படியே விட்டுவிட்டு, அதனூடே வரும் நுண்ணிய ரத்தக் குழாயோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் குழாயை மார்பிலுள்ள குழாயோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் இணைக்கிறார்கள். பல மணி நேர அறுவை அது. முதல் சில நாள்கள் மணிக்கு மணி ஒரு செவிலியர் வந்து அந்தத் தோலின் நிறத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும். நன்கு பழகிய கைகளிலும் நூற்றில் ஓரிருவருக்கு ரத்த ஓட்டம் அடைபட்டுத் திசு முழுதும் பட்டுப்போகும். நிலைத்துவிட்டால் உடலோடு உடலாக, வயதோடு சேர்ந்து தளர்ந்து, எடையோடு கூடிக் குறைந்து வாழும்.

வார்டில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது ஒன்றுண்டு: “எனக்கு ரெண்டு சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணியாச்சு, வயித்துல இருந்து எடுக்க முடியுமா?” கீழ்வயிற்றில் குறுக்காக உள்ள சிசேரியன் தழும்பு பெரும்பாலும் இதற்குத் தடையாவதில்லை, ரத்தக் குழாய்கள் எப்படியிருக்கின்றன என்பதை சிடி ஆஞ்சியோகிராம் காட்டிவிடும். தங்களுக்கு வழியே இல்லை என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கும் உண்மையாகவே அபாயம் கூடுதல். நிக்கோட்டின் அந்த நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். இதை முன்கூட்டியே சொன்னால், அறுவைக்கு முன் கீமோ பெறும் மாதங்களில் புகையிலையை விட்டுவிட்டு வரக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். புதிய மார்பில் பழைய தொடுவுணர்வு பெரும்பாலும் திரும்பாது, அது பால் சுரக்காது, காம்பைத் தனியாக அமைக்கவோ பச்சை குத்தி நிறமேற்றவோ வேண்டும், இரண்டு பக்கமும் ஒத்திருக்க மறுபக்க மார்பிலும் அறுவை தேவைப்படலாம், ஒரே முறையில் எல்லாம் முடிந்துவிடாது என்பனவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

“நம்மிடம் வருவோரில் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையில் வருகிறார்கள், எப்படியும் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டியிருக்கும், அதனால் உடனடி மறுசீரமைப்பு ஒத்துவராது” என்ற பதிலை மூத்த மருத்துவர்களிடமிருந்து கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் உண்டு. கதிர்வீச்சு உறுதி என்றால் பொறுத்திருந்து, அது முடிந்து தோல் ஆறிய பிறகு சொந்தத் திசுவால் அமைப்பதே பலருக்கு நல்லது. எனினும் இது தள்ளிப்போடுவதற்கான காரணமே தவிர, சொல்லாமல் விடுவதற்கான காரணமாகாது. பின்னால் செய்துகொள்ள முடியும் என்று தெரிந்து தட்டையான மார்போடு வீடு திரும்பும் பெண்ணுக்கும், இனி இப்படித்தான் என்று நம்பி வீடு திரும்பும் பெண்ணுக்கும் இடையே இருக்கும் தூரத்தை நான் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுசீரமைத்தால் நோய் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும் என்ற அச்சமும் இன்னும் உலவுகிறது. மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் சேர்த்து நீக்கும் அறுவையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் காலத்து அச்சம் அது. மறுசீரமைப்பு நோயைத் திரும்ப வரவழைப்பதுமில்லை, திரும்பி வந்தால் மறைத்து வைப்பதுமில்லை என்பது இன்று தெளிவாகிவிட்டது. காயம் ஆறத் தாமதமானால் கீமோ தள்ளிப்போகலாம் என்ற கவலைதான் மெய்யானது. யாருக்கு அந்த அபாயம் மிகுதியோ அவருக்கு உடனடி அறுவை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. அதையும் அவரிடம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை, சொல்லப்படாமலே செயல்படும் ஓர் எண்ணம். குழந்தைகள் பிறந்து வளர்ந்தாயிற்று, இந்த வயதில் இது எதற்கு, உயிர் பிழைத்ததே பெரிது என்று நல்லெண்ணத்தோடுதான் பலரும் நினைக்கிறார்கள். பெண்ணின் சார்பில் கணவரும் மகனும் நினைக்கிறார்கள். ஒப்புதல் படிவமும் பல நேரம் அவர்கள் கைக்கே போகிறது. நம் நாட்டில் இந்நோய் மேலைநாடுகளைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே பெண்களைத் தாக்குகிறது. நோய் நீங்கிய பின் இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழப்போகிறவர்கள் அவர்கள். அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் தன் உடல் தன்னுடையதே. ஒரு பக்கம் மட்டும் கனம் இருப்பதால் தோளும் கழுத்தும் வலிப்பதையும், குளித்துவிட்டு உடைமாற்றும்போது மருமகள் முன் கூசுவதையும் அழகு பற்றிய கவலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது இருக்கிறது. மடிப்பும் தொங்கலும் இல்லாமல் மார்பைச் சீராகத் தட்டையாக மூடுவதையும் ஒரு முறையான அறுவையாகவே கருத வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2020இல் தன் மருத்துவச் சொல் அகராதியிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. அக்குள் பக்கம் தொங்கும் மிச்சத் தோல், கையைத் தொங்கவிட்டால் நாள் முழுதும் உரசிக்கொண்டே இருக்கும். இது அனுபவித்தவளுக்குத் தெரியும். ரவிக்கைக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பு வடிவமும், அதற்கேற்ற பை தைத்த உள்ளாடையும், காயம் ஆறும் வரை அணியப் பருத்தி நூலில் பின்னிய இலேசான வடிவமும் வீட்டுக்குப் போகும்போதே கையில் இருக்க வேண்டியவை. செயற்கைக் கால் வழங்கும் அரசுக்கு இது பெரிய செலவாகாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், அபாயம் ஆகியவற்றோடு, மாற்று வழிகள் இருந்தால் அவற்றையும் நோயாளிக்குத் தெரிவித்துப் பெறும் ஒப்புதலே ஒப்புதல் என்று வரையறுத்தது. நியூயார்க் மாநிலம் 2010இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றி, மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன் மறுசீரமைப்பு வழிகளையும், அது எங்கே கிடைக்கும், காப்பீடு உண்டா என்பதையும் தெரிவிப்பதை மருத்துவமனைகளின் பொறுப்பாக்கியது. அமெரிக்கா முழுமைக்குமான 1998ஆம் ஆண்டுச் சட்டமோ, மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்புக்கும், மறுபக்க மார்பை ஒத்துவரச் செய்யும் அறுவைக்கும், செயற்கை வடிவத்துக்கும், கை வீக்கம் உள்ளிட்ட பின்விளைவுகளுக்கும் பணம் தர வேண்டும் என்றது.

பணம் என்று வரும்போது இங்கு நடப்பது வேறு. காப்பீட்டு அட்டையோடு போன பெண்களிடம் “அது பியூட்டிக்குப் பண்றதும்மா, அதுக்கெல்லாம் வராது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மேசைகளை நான் அறிவேன். தனியார் மருத்துவக் காப்பீடுகளுக்கு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிவிலக்குப் பட்டியலே, அழகு சிகிச்சையை விலக்கும் அதே வரியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின்னான மறுசீரமைப்பு அதில் அடங்காது என்று தெளிவாகச் சொல்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. அந்தத் திட்டத்தில் மார்பக மறுசீரமைப்பின் எல்லாப் படிகளும், ஆண்டுகள் கழித்துச் செய்யப்படுவதும், செயற்கை வடிவமும் அடங்கும் என்று மேசையில் உட்கார்ந்திருப்பவர் மறுக்கவே முடியாதபடி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

செய்வதற்கு ஆளில்லை என்று மட்டும் தமிழ்நாடு சொல்ல முடியாது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த ஸ்டான்லி மருத்துவமனையின் கை சீரமைப்பு–பிளாஸ்டிக் அறுவைத் துறை நுண்ணறுவைக்கு நாடறிந்த இடம். 2018இல் அங்கே ஒருவருக்கு இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்தினார்கள். துண்டான விரலை ஒட்டும் அதே மைக்ராஸ்கோப்பும் அதே விரல்களும்தான் இதற்கும் வேண்டும். எல்லா மாவட்டங்களிலும் டீப் அறுவை உடனே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் உள்ள இடத்தில் முதுகுத் தசை முறையைத் தொடங்கலாம். மற்றதற்குப் பெரிய மையத்துக்கு எழுதி அனுப்பலாம். புற்றுநோய் அறுவை மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் வாரத்தில் ஒருநாள் ஒரே அறையில் அமர்ந்து நோயாளிகளைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு பக்கம் சேருங்கள். வழிகள் அனைத்தும் படங்களோடு அதில் இருக்கட்டும். தட்டையாக மூடுவதும் அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், உறவினரை வெளியே அமர்த்திவிட்டுத் தனியாக எடுத்துச் சொல்லட்டும். வீட்டுக்குப் போய் யோசித்து வர, நோய் பொறுக்கும் அளவுக்குச் சில நாள்கள் கொடுங்கள். அதன்பின் அந்தப் பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ அந்தப் பெண்ணுடையதாக மட்டும் இருக்கட்டும். அந்தப் பக்கத்தை எழுதும்போது நோயைக் கடந்து வந்த எங்களைக் கூப்பிடுங்கள். எந்த வரி புரியவில்லை, எந்தச் சொல் பயமுறுத்துகிறது என்று உடனிருந்து சொல்ல நானும் என்னைப் போன்ற பெண்களும் எங்கள் செலவிலேயே சென்னைக்கு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து,
மார்பகப் புற்றுநோயைக் கடந்து வந்த ஒருத்தி